மூலிகை ஒரு அலமாரியில், நஞ்சு வேறு அலமாரியில்: பிரஸ்ஸல்ஸ் சிறுநீரக நிகழ்வு ஆய்வு

நடந்தது

1992-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் இரண்டு பெண்களுக்குச் சிறுநீரகம் மளமளவென்று பழுதாகிக்கொண்டிருந்தது. இருவருக்கும் ஐம்பது வயது ஆகவில்லை. வழக்கமாக நினைக்கும் காரணம் எதுவும் பொருந்தவில்லை. பயாப்சி எடுத்துப் பார்த்தபோது, வடிகட்டும் முடிச்சுகள் ஓரளவு தப்பியிருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த திசுதான் நார்பிடித்து இறுகிக் கிடந்தது. விசாரித்ததில் ஒரு பொதுவான விஷயம் தெரிந்தது. இருவருமே நகரத்தின் ஒரு கிளினிக்கில் உடல் மெலிய மருந்து சாப்பிட்டவர்கள்.

சிறுநீரக மருத்துவர் ழான்-லூயி வான்ஹெர்வெகெமும் அவரது குழுவினரும் நகரத்தின் மற்ற சிறுநீரகப் பிரிவுகளிலும் விசாரித்தார்கள். அதே கிளினிக், அதே மருந்து, அதே மாதிரி சிறுநீரகம் என்று இன்னும் ஏழு பெண்கள் கிடைத்தார்கள். ஒன்பது பேரின் விவரமும் 1993 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது.

இதில் முக்கியமான ஒரு துப்பு உண்டு. அந்த கிளினிக் சுமார் பதினைந்து ஆண்டுகளாக மெலிவு சிகிச்சை கொடுத்துவந்தது, இப்படி எதுவும் நடந்ததில்லை. 1990-ல் மருந்துச் சேர்க்கையை மாற்றினார்கள். புதிதாகச் சேர்ந்தவை இரண்டு சீன மூலிகைப் பொடிகள்: ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா, மாக்னோலியா அஃபிசினாலிஸ். அதற்கப்புறம்தான் சிறுநீரகங்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன.

மாக்னோலியா மேல் தப்பில்லை. ஸ்டெஃபானியா மேலும் தப்பில்லை, ஏனென்றால் பொடியில் ஸ்டெஃபானியாவே இல்லை. பெல்ஜியத்தில் அந்தப் பெயரில் விற்ற பொடிகளைச் சோதித்தபோது அவற்றில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்ததாக 1994-ல் லான்செட்டிலேயே இன்னொரு குறிப்பு வந்தது. அந்த அமிலம் வருவது அரிஸ்டோலோகியா ஃபாங்சி என்ற, குடும்பத்தாலும் குணத்தாலும் சம்பந்தமே இல்லாத ஒரு செடியிலிருந்து. 1996-ல் நோயாளிகளின் சிறுநீரகத் திசுவிலேயே, டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த அமிலத்தின் தடயங்களைக் கண்டுபிடித்தார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

அடுத்த சில ஆண்டுகளில் பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள். மோசமானது இனிமேல்தான் வந்தது. செயலிழந்த சொந்தச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிவிடச் சம்மதித்த 39 பேரின் திசுக்களைப் பரிசோதித்ததில், 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் இருந்தது. மிச்சமிருந்த 21 பேரில் 19 பேருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள். முற்றிலும் சரியாக இருந்தவர்கள் இரண்டே பேர். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 2000-ல் வந்த இந்தக் கட்டுரை, மொத்தம் 200 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்றும் காட்டியது. மாதக்கணக்கில் தினமும் சாப்பிடும் மெலிவு மருந்தில் 200 கிராம் என்பது பெரிய அளவே இல்லை.

மருத்துவ உலகில் இந்த நிகழ்வைத் தரக்கட்டுப்பாட்டுக் கோளாறாகத்தான் பேசுவார்கள். அது உண்மைதான். நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இன்னொரு கேள்வி எழுகிறது. 1990-ல், முதல் கேப்சூலை எழுதிக் கொடுக்கும் முன், அந்த மருத்துவர் ஒரு நல்ல மருத்துவ நூலகத்துக்குப் போய் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

ஜாடியில் எழுதியிருந்த பெயர்

முதலில் எளிதான பதில். ஜாடியில் எழுதியிருந்த பெயரை வைத்துத் தேடியிருந்தால் தெரிந்திருக்காது. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்று தேடினால் டெட்ராண்ட்ரின் என்ற ஆல்கலாய்டு பற்றி வரும். வீக்கம் குறைக்கும், ரத்த அழுத்தம் குறைக்கும் என்று வரும். எல்லாம் சரியான தகவல், வேறொரு செடியைப் பற்றி. தேடினவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். தவறான பெயரில் செய்த தேடல் வெறுங்கையோடு திரும்புவதில்லை, நல்ல செய்தியோடு திரும்புகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆனால் சீன மருந்துப் பொருள் நூல் ஒன்றை எடுத்துப் புரட்டியிருந்தால் கதை மாறியிருக்கும். சீனத்தில் ஃபாங்ஜி என்ற மருந்துப் பெயரின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் உண்டு. ஹான் ஃபாங்ஜி என்றால் ஸ்டெஃபானியா. குவாங் ஃபாங்ஜி என்றால் அரிஸ்டோலோகியா. கடைத்தெருவில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுப்பது சகஜம். அதே போல மூதோங் என்ற பெயரிலும் குழப்பம் உண்டு. அகேபியா கொடியைக் கொடுக்க வேண்டிய இடத்தில் குவான் மூதோங் எனப்படும் அரிஸ்டோலோகியா மஞ்சூரியென்சிஸ் போய்ச் சேரும். 1999-ல் இங்கிலாந்தில் தோல் அரிப்புக்கு மூதோங் சாப்பிட்ட இருவருக்குச் சிறுநீரகம் போனதற்கு இதுதான் காரணம்.

மூலிகை பற்றித் தேட வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "இந்தப் பேர்ல வேற என்னென்ன விக்குது?" பல பேருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. நோயின் பெயரையும் மூலிகையின் பெயரையும் தட்டினால் கட்டுரை கொட்டும் என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள். கொட்டத்தான் செய்யும்.

எங்கெங்கே எழுதி வைத்திருந்தார்கள்

சரி, அந்த மருத்துவர் பெயர்க் குழப்பத்தைப் புரிந்துகொண்டு அரிஸ்டோலோகியா என்ற சொல்லைப் பிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 1990-க்கு முன் அந்தச் செடியைப் பற்றி உலகத்து நூலகங்களில் என்ன இருந்தது?

1957-ல் குரோவேஷியாவின் ஒரு கால்நடை மருத்துவ இதழில், மார்ட்டின்சிச் என்பவர் அரிஸ்டோலோகியா கிளெமடைட்டிஸ் என்ற களைச்செடி குதிரைகளின் சிறுநீரகத்தைக் கெடுப்பதை எழுதியிருந்தார். அடுத்த ஆண்டே ஹங்கேரியைச் சேர்ந்த ஒரு குழு, ஜெர்மன் மொழி மருந்தியல் இதழில், அரிஸ்டோலோகிக் அமிலத்தைக் கொண்டு முயல்களின் சிறுநீரக நுண்குழாய்களை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்க முடியும் என்று காட்டியது. அவர்களுக்கு அது ஒரு ஆய்வுக்கூடக் கருவி, அவ்வளவுதான்.

1964-ல் ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள். அமெரிக்காவில் இந்த அமிலத்தைப் புற்றுநோய் மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல்கட்ட ஆய்வு, கீமோதெரபி அறிக்கைகள் வெளியாகும் ஒரு இதழில் வந்தது. சிறுநீரகத்துக்குக் கெடுதல் என்று கைவிட்டார்கள். அதே ஆண்டு சீனாவின் ஜியாங்சு மாகாணத்துப் பாரம்பரிய மருத்துவ இதழில், மூதோங் குடித்து இரண்டு பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததாக ஒரு சின்னக் குறிப்பு, சீன மொழியில்.

1969-ல் பால்கன் பகுதியிலிருந்து ஒரு யோசனை. டான்யூப் நதியின் துணையாறுகளை ஒட்டிய சில கிராமங்களில் மட்டும், விவசாயக் குடும்பங்களில், சிறுநீரகம் மெல்ல மெல்லச் சுருங்கிப் போகும் ஒரு விசித்திரமான நோய் 1950-களிலிருந்தே பதிவாகியிருந்தது. சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் கூடவே வரும். கிணற்றுத் தண்ணீர், பூஞ்சை நஞ்சு என்று எதையெதையோ சந்தேகித்தார்கள். இவிச் என்ற ஆய்வாளர் மட்டும் கோதுமை வயலைப் பார்த்தார். அங்கே களையாக முளைத்த அரிஸ்டோலோகியா கிளெமடைட்டிஸின் விதைகள் அறுவடையில் கோதுமையோடு கலந்து, மாவாகி, ரொட்டியாகி வயிற்றுக்குள் போகின்றன என்றார். பல பத்தாண்டுகளுக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2007-ல்தான் ஆர்தர் கிரோல்மனின் குழு, அந்த நோயாளிகளின் திசுவிலும் பிரஸ்ஸல்ஸில் கண்ட அதே டிஎன்ஏ தடயத்தைக் காட்டியது. பிரஸ்ஸல்ஸ் நிகழ்வு நடந்திராவிட்டால் இவிச் இன்னும் எத்தனை காலம் அலமாரியில் கிடந்திருப்பாரோ.

கடைசியாக 1982-ல், நச்சியல் இதழில், எலிகளுக்கு இந்த அமிலம் மிகச் சீக்கிரத்தில் புற்றுநோய் உண்டாக்கியது என்ற ஜெர்மானிய ஆய்வு வந்தது. அந்த முடிவுகள் தெரியவந்ததுமே, 1981-ல், மேற்கு ஜெர்மனியில் இந்த அமிலம் கொண்ட மருந்துகளைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பக்கத்து நாடு. பிரஸ்ஸல்ஸிலிருந்து ஜெர்மன் எல்லை ரயிலில் போகும் தூரம்.

குதிரை, முயல், புற்றுநோயாளி, சீன நோயாளி, பால்கன் விவசாயி, எலி என்று ஆதாரம் அடுக்கடுக்காக இருந்தது. பெல்ஜியத்துப் பெண்கள் முதல் கேப்சூலை விழுங்கும்போது கடைசி ஆதாரத்துக்கே எட்டு வயது.

ஏன் யாருக்கும் தெரியவில்லை

மேலே சொன்ன கட்டுரைகள் எந்த அலமாரியில் இருக்கும் என்று பாருங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையைப் பின்பற்றும் நூலகத்தில் மூலிகை மருந்துகள் 615.321-ல் இருக்கும். நச்சியல் 615.9. சிறுநீரக நோய்கள் 616.61. கால்நடை மருத்துவம் 636.089, அது அநேகமாக வேறு தளத்திலேயே இருக்கும். சீன மூலிகை பற்றிப் படிக்க வந்தவர் 615.321-ல் நின்று திருப்தியாகப் படித்துவிட்டுப் போவார். அவர் தேடிய செடியின் தீங்கு வேறு வேறு துறைகளின் அலமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஒரு மூலிகையின் புகழ் மாற்று மருத்துவ அலமாரியில் இருக்கும், அதன் தீங்கு அங்கே இருக்காது. மூலிகையைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் பலனை எழுதுகிறார்கள். தீங்கை எழுதுவது அதைப் பயன்படுத்தாதவர்கள்: சிறுநீரக மருத்துவர், கால்நடை மருத்துவர், நச்சியலாளர். அவர்களுக்கு அது மூலிகையே அல்ல, ஒரு நஞ்சு, அல்லது ஒரு களை.

இதைக் கணினி மாற்றிவிட்டது என்று நினைத்தால் அது பாதிதான் சரி. 1990-ல் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம் கிடையாது. இலவசமாக எல்லோருக்கும் அது கிடைத்தது 1997-ல். அப்போது இருந்தவை, மருத்துவக் கட்டுரைகளின் அச்சிட்ட அட்டவணையான இண்டெக்ஸ் மெடிகஸ் தொகுதிகளும், அதன் கணினி வடிவமான மெட்லைன் தரவுத்தளமும். மெட்லைனில் இருந்த கட்டுரைகள் 1966-லிருந்துதான் தொடங்கின. 1957, 1958, 1964 ஆண்டுக் கட்டுரைகள் மொத்தமும் அந்தக் கோட்டுக்கு அப்பால். அமெரிக்கக் கீமோதெரபி ஆய்வு இரண்டே ஆண்டு வித்தியாசத்தில் வெளியே நின்றுவிட்டது.

இந்த 1966 கோடு வேறொரு உயிரையும் வாங்கியது. 2001-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு ஆஸ்துமா ஆய்வில் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற பழைய மருந்தை நுகரக் கொடுத்ததில், ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவர் இறந்துபோனார். அது நுரையீரலைக் கெடுப்பதாக 1950-களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆய்வுக்கு முன் செய்த தேடலில் அவை சிக்கவில்லை. மாற்று மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், நூலகத் தேடல் வகுப்பில் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. மூலிகைகளைப் பொறுத்தவரை நல்ல தாவர வேதியியல் ஆய்வுகளில் பெரும் பங்கு பழையவை.

அப்புறம் மொழி. குரோவேஷியன், ஜெர்மன், சீனம். தேடல் முடிவில் "ஆங்கிலம் மட்டும்" என்று ஒரு பெட்டியில் டிக் அடித்தால் இந்த நிகழ்வின் பாதி ஆதாரம் காணாமல் போய்விடும். பல ஆய்வுக் கட்டுரைகளில் "ஆங்கிலத்தில் வெளியானவை மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன" என்று ஒரு வரி போகிற போக்கில் இருக்கும். சீன மூலிகை பற்றிய ஆய்விலும் அந்த வரியைப் பார்க்கிறேன். சிரிப்புத்தான் வருகிறது.

2001-ல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் மாற்று மருத்துவத்துக்கென்றே பப்மெட்டில் ஒரு வடிகட்டியைக் கொண்டுவந்தது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வடிகட்டியைப் போட்டுத் தேடுவது 615.321 அலமாரிக்கு முன் போய் நிற்பதற்குச் சமம். பலனைத் தேட அது உதவும், தீங்கைத் தேடும்போது அதைக் கழற்றிவிட வேண்டும்.

பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர்களுக்கு ஆதாரப் பிரமிடு படத்தைக் காட்டி, உச்சியில் காக்ரேன், அடியில் தனித்தனி நோயாளிகளைப் பற்றி எழுதும் கேஸ் ரிப்போர்ட் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பலன் உண்டா என்ற கேள்விக்கு அது சரி. ஆனால் சில வாரம் நடக்கும் ஒரு மருத்துவ ஆய்வில், ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோய் தெரியவே தெரியாது. பிரஸ்ஸல்ஸ் விஷயத்தில் உலகத்தை எழுப்பியது ஒன்பது பேரின் கேஸ் ரிப்போர்ட்தான். பிரமிடின் அடித்தட்டு.

இன்று அதே தேடலைச் செய்தால்

வகுப்பில் இதைத் திரையில் செய்து காட்டுவதுண்டு. முதலில் பப்மெட்டுக்குப் போவதில்லை. லண்டன் கியூ தோட்டத்தின் தாவரப் பெயர்ப் பட்டியலுக்குப் போகிறோம். இன்று ஏற்கப்பட்ட பெயர் எது, பழைய நூல்களில் வழங்கிய மாற்றுப் பெயர்கள் எவை என்று எழுதிக்கொள்கிறோம். கியூ தோட்டத்தாரே மருந்துத் தாவரப் பெயர்களுக்கென்று தனியாக ஒரு சேவையும் வைத்திருக்கிறார்கள். கடைப்பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரில் என்னென்ன செடிகள் புழங்குகின்றன என்று அதில் பார்க்கலாம். ஃபாங்ஜி மாதிரியான குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

அடுத்தது வேதிப்பொருள். ஒவ்வொரு சேர்மத்துக்கும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற வேதியியல் தகவல் அமைப்பு ஒரு பதிவெண் கொடுத்திருக்கிறது. அரிஸ்டோலோகிக் அமிலத்தின் முதல் வகைக்கு 313-67-7. செடியின் பெயர் ஊருக்கு ஊர் மாறும், மொழிக்கு மொழி மாறும். இந்த எண் மாறாது. நச்சியல் தரவுத்தளங்களில் இதைப் போட்டுத் தேடினால், பெயரால் சிக்காதவை சிக்கும்.

அதற்கப்புறம் பப்மெட். செடியின் பெயரை முழுசாகத் தட்டுவதில்லை. அரிஸ்டோலோக் என்ற வேர்ப்பகுதி வரைக்கும் எழுதி ஒரு நட்சத்திரக்குறி. செடி, அமிலம், குடும்பம் மூன்றும் ஒரே வலையில் விழும். அதோடு பப்மெட்டின் பொருள் தலைப்புப் பட்டியலான மெஷ் அகராதியிலிருந்து அரிஸ்டோலோகியா, அரிஸ்டோலோகிக் அமிலங்கள் என்ற இரண்டு பொருள் தலைப்புகளையும் "அல்லது" போட்டுச் சேர்க்கிறோம். பக்கவிளைவு, நச்சுத்தன்மை, விஷமேற்றம் என்று மெஷ்ஷில் தனித்தனி உட்தலைப்புகள் இருக்கின்றன. மூன்றையும் பார்க்க வேண்டும், ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இருக்காது.

இந்த இடத்தில் மாணவர்கள் உடனே "மற்றும் சிறுநீரகம்" என்று சேர்க்கப் பார்ப்பார்கள். முதல் சுற்றில் அதைத் தடுத்துவிடுவேன். சிறுநீரகம் என்று போட்டால் சிறுநீரகம்தான் வரும். 1993-ல் எல்லோரும் சிறுநீரகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், 1982-ம் ஆண்டு எலிக் கட்டுரையோ புற்றுநோயைப் பற்றிப் பேசியது. எந்த உறுப்பு என்று நாமே முடிவு செய்துவிட்டுத் தேடினால், நமக்குத் தெரிந்ததையே திரும்பக் கண்டுபிடிப்போம்.

1993-ம் ஆண்டு லான்செட் கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் யார் என்று முன்னோக்கிப் போவது ஒரு வழி. பின்னோக்கிப் போக, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐஏஆர்சி வெளியிட்ட மோனோகிராஃபுகள் இருக்கின்றன. 82-ம் தொகுதியில், 2002-ல், அரிஸ்டோலோகியா சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்தார்கள். 100-ஏ தொகுதியில் அமிலத்தையே அந்தப் பிரிவுக்கு ஏற்றினார்கள். இந்தத் தொகுதிகளை முடிவுக்காக மட்டும் பார்க்காதீர்கள், பின்னால் உள்ள மேற்கோள் பட்டியலுக்காகவும் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

சீன மொழிக்கு சிஎன்கேஐ தரவுத்தளம் இருக்கிறது. கால்நடைக்கு கேப் அப்ஸ்ட்ராக்ட்ஸ். முழுக் கட்டுரை கையில் இல்லையென்றால் நம் மருத்துவக் கல்லூரிகளுக்கு டெல்லி தேசிய மருத்துவ நூலகத்தின் ஈஆர்மெட் கூட்டமைப்பும், டெல்நெட் வழி நூலகங்களுக்கிடையிலான பரிமாற்றமும் உண்டு. நூலகரிடம் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் போதும். யாரும் கொடுப்பதில்லை என்பது வேறு கதை. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. 1957-ம் ஆண்டுக் கட்டுரைக்கெல்லாம் சுருக்கமே இருக்காது, தலைப்பு மட்டும்தான்.

கட்டுரை கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது செய்முறைப் பகுதியை. செடியை அடையாளம் கண்டவர் யார், மாதிரியை எந்த ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) வைத்தார்கள், எந்தப் பாகம், எவ்வளவு அளவு, எத்தனை நாள். "சந்தையில் வாங்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால், அது எந்தச் செடியின் ஆய்வு என்று கட்டுரையாளருக்கே தெரியாது. நன்மை சொன்னாலும் சரி, தீமை சொன்னாலும் சரி, ஒதுக்கி வைத்துவிடலாம்.

நம் ஊர்ச் செடிகள்

இது எங்கோ பெல்ஜியத்துக் கதை என்று விட முடியாது. அரிஸ்டோலோகியா பேரினத்தில் இரண்டு செடிகள் சித்த மருத்துவத்தில் புழக்கத்தில் இருப்பவை. ஒன்று, கரிசல் காட்டிலும் தரிசிலும் படர்ந்து கிடக்கும் ஆடுதின்னாப்பாளை, புழுக்களுக்கும் தோல் நோய்களுக்கும் சொல்வார்கள். மற்றது கருடக்கொடி, பெருமருந்து, ஈசுரமூலி, தலைச்சுருளி என்றெல்லாம் பெயர் வாங்கிய கொடி, விஷக்கடிக்குப் பேர்போனது. இரண்டிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு.

இங்கேயும் பெயர்தான் முதல் சிக்கல். ஆடுதின்னாப்பாளையின் இன்றைய தாவரப் பெயர் அரிஸ்டோலோகியா பிராக்டியோலேட்டா. பழைய இந்திய நூல்களிலும் கட்டுரைகளிலும் அரிஸ்டோலோகியா பிராக்டியேட்டா என்றிருக்கும். புதிய பெயரை மட்டும் தட்டினால் பழையவை வராது. கருடக்கொடியில் வேறு மாதிரி. வீட்டு வாசலில் கண்திருஷ்டிக்குத் தொங்கவிடுகிறோமே, அந்த ஆகாச கருடன் கிழங்கு பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தது, கொரல்லோகார்ப்பஸ் எபிஜியஸ். அதுவும் விஷக்கடிக்குச் சொல்லப்படும் மருந்துதான். கருடன் என்று தொடங்கும் பெயரோடு நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் எது பொட்டலமாகி வரும் என்பது கடைக்காரரைப் பொறுத்தது. ஹான் ஃபாங்ஜிக்கும் குவாங் ஃபாங்ஜிக்கும் நடந்தது இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை.

ஆடுதின்னாப்பாளையை எடுத்து ஆய்வேடு எழுத வருகிற மாணவருக்கு நம் நூலகங்களில் பஞ்சமே இல்லை. மருந்துச் சரக்குகளின் குணம் சொல்லும் குணபாட நூல்கள் இருக்கின்றன. சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகாலிலும் மருத்துவச் சுவடிகள் இருக்கின்றன. அடையாளத்துக்கு கேம்பிள் தொடங்கிவைத்த சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்த மேத்யூவின் தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் தாவர நூலும் உண்டு. ஆயுஷ் ஆய்வுத் தளம் இருக்கிறது. 2001-ல் தொடங்கிய மரபறிவு எண்ணிம நூலகத்தில் சித்த மருத்துவச் செய்யுள்களும் ஏறியிருக்கின்றன. அது எழுந்ததே நூலகத் தேடலின் வெற்றியிலிருந்துதான். மஞ்சள் புண்ணாற்றும் என்று 1995-ல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, பழைய நூல்களும் 1953-ம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்க இதழின் கட்டுரையும் உட்பட 32 ஆதாரங்களைக் காட்டி, இந்திய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர் 1997-ல் ரத்து செய்யவைத்தது. ஆனால் அந்த எண்ணிம நூலகம் ஒரு முறை நம்மிடம் முன்பே இருந்தது என்பதற்குச் சாட்சி. அந்த முறை பாதுகாப்பானது என்பதற்குச் சாட்சி அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஆய்வேட்டில் எழுதுவதைப் பார்க்கிறேன்.

இவ்வளவு படித்த பிறகும் அந்த மாணவர் 615.321-ஐ விட்டு நகரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கொஞ்சம் தள்ளியிருக்கும் நச்சியல் அலமாரிக்குப் போனால்தான் ஐஏஆர்சி சொன்னது கண்ணில் படும்.

"பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து சாப்பிடறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். பால்கன் கிராமங்களிலும் தலைமுறை தலைமுறையாக அதே ரொட்டியைத்தான் சாப்பிட்டார்கள். ரொட்டியை யாரும் சந்தேகிக்கவில்லை. தைவானில் 1997-க்கும் 2003-க்கும் இடையிலான காப்பீட்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அரிஸ்டோலோகியா சேர்ந்த மருந்து எழுதப்பட்டிருந்தது. அங்கே சிறுநீர்ப்பாதைப் புற்றுநோய் அதிகமாக இருப்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு அதற்கப்புறம்தான் துலங்கியது. சாப்பிட்டுப் பல ஆண்டு கழித்து வரும் நோயை, சாப்பிட்டவர் கஷாயத்தோடு முடிச்சுப் போட மாட்டார். பதிவேடு இருந்தால்தான் முடிச்சுப் போட முடியும். இந்தியாவில் ஆயுஷ் மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் திட்டமே மிகப் பிந்தித்தான் வந்தது.

சுத்தி (மருந்துச் சரக்கின் நஞ்சை நீக்கும் மரபுச் செய்முறை) செய்தால் நஞ்சு போய்விடும் என்பது அடுத்த பதில். போகலாம். அது செய்யுளைக் காட்டி முடிக்கிற விஷயம் இல்லை. சுத்திக்கு முன்னும் பின்னும் அமிலத்தின் அளவை எடுத்த பகுப்பாய்வு அறிக்கையைக் காட்ட வேண்டும். சித்த மருத்துவ மாணவருக்கு இதுவே நல்ல ஆய்வேட்டுத் தலைப்பு என்று நான் சொல்வேன்.

எதிர்ப்பக்கத்தாரிடமும் எனக்குச் சண்டை உண்டு. இந்த நிகழ்வைக் காட்டி மூலிகை மருத்துவம் முழுக்கக் குப்பை என்பவர்கள் இருக்கிறார்கள். அதே சீனத்தில், 4-ம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய மருத்துவக் கையேட்டில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழி என்றிருந்த ஒரு வரியிலிருந்துதான் து யூயூ குறைந்த வெப்பத்தில் சாறெடுக்கும் யோசனையைப் பிடித்தார். 1971-ல் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்லும் சாறு கிடைத்தது. ஆர்ட்டிமிசினின் வந்தது. 2015-ல் நோபல் பரிசும் வந்தது. அவரும் நூலகத்திலிருந்துதான் தொடங்கினார். ஆனால் நூலோடு நிற்கவில்லை. சாற்றை எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டு, நோயாளிக்குக் கொடுக்கும் முன் தானே குடித்துப் பார்த்தார்.

தேடல் ஏடு

பிரஸ்ஸல்ஸ் மருத்துவர் 1990-ல் எதையாவது தேடினாரா, தேடியிருந்தால் எங்கே என்பதற்கு ஒரு காகிதம் இருந்திருந்தால் இந்த ஆய்வு இன்னும் துல்லியமாக இருந்திருக்கும். அதனால் ஆய்வேடு எழுதுகிறவர்களிடம் நான் கட்டாயமாகக் கேட்பது தேடல் ஏடு. எந்தத் தேதியில், எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களைப் போட்டு, எந்த ஆண்டிலிருந்து, எந்த மொழிகளில் தேடினீர்கள், எத்தனை கிடைத்தன, எதை ஏன் கழித்தீர்கள். பலனுக்கு ஒரு பக்கம், தீங்குக்கு எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கத்தில் "தீங்கு எதுவும் கண்டறியப்படவில்லை" என்று மட்டும் எழுதிக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். எந்தெந்த அலமாரியில் பார்த்துவிட்டு அப்படி எழுதினார் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும்: நச்சியலில் பார்த்தாரா, கால்நடையில் பார்த்தாரா, 1966-க்கு முன்னால் போனாரா, பழைய தாவரப் பெயரையும் போட்டாரா.